பெரியப்பா மாவில் வரைந்த தீவு

“…ன்னு உங்களுக்கு யாரு சொன்னா? பொணத்தப் பாத்தீங்களா? இல்ல, பாத்தவன் யாரையாச்சும் பாத்தீங்களா?”

இப்படிக் கேட்டது என் சித்தி. கேட்ட இடம், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்சந்தில் ஒரு சங்கத்தின் மேல்மாடி. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்ற என் பெரியப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். பெரியப்பா சித்தியின் கணவருக்கு மூத்த அண்ணன். சித்தி தோளில் கைக்குழந்தை. எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் பெரியப்பாவிடம் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. முன்வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இதை ஏன் இப்போது இழுக்கிறேன் என்றால், போன வாரம் நம் ஃபேரர் பார்க் அடுக்குமாடி புளோக்கின் கீழே, நாம் சாயங்காலம் கூடுகிற கல்மேசையில் நடந்த கூத்துதான். எங்கோ ஒரு நாட்டில் ஜனங்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்து சோபாவில் படுத்திருக்கிறார்கள். அதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டே நம்மில் ஒருவர், “இது ரெண்டாப் பிரியும் லா, வடக்கு தனி தெற்கு தனி” என்றார். இன்னொருவர் மூன்று என்றார். கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தைப் பங்கு போடுவதுபோல் போட்டார்கள். மூட்டு வலிக்கு மருந்து வாங்கப் போகிறவர்களுக்கு இவ்வளவு தெம்பு எங்கிருந்து வருகிறதோ. கடைசியில் ஒருவர், “நாம ஒரு கூட்டம் போடணும்” என்றார் பாருங்கள், அந்த நிமிடம் எனக்கு மிளகாய்த் தூள் நெடி அடித்தது.

நெடி எங்கள் கடைவீட்டினுடையது. கீழே பெரியப்பாவின் மாவு மில், மேலே நாங்கள். காலையில் மிளகாய், மத்தியானம் மல்லி, சாயங்காலம் பச்சரிசி. பல் தேய்க்கும்போதே தும்மித்தான் வளர்ந்தோம். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பெரியப்பாவுக்கு ஒரு குரல் அமைந்துவிட்டது. மிஷின் நின்றாலும் அது நிற்காது. அரிசி அரைக்க வருகிறவர்களுக்கு வேறு வழி இல்லை. மாவு கைக்கு வரும்வரை நிற்க வேண்டும், நிற்கும்வரை கேட்க வேண்டும். எந்த நாட்டில் எந்த மந்திரி தும்மினாலும் அவருக்குக் காரணம் தெரியும். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. இரண்டில் ஒன்றாலும் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. “ஒங்க பெரியப்பா பேசினா ரேடியோ வெக்கப்பட்டு வாய மூடிக்கும்” என்பார் அம்மா.

அம்மாவும் இதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார். எங்கள் வீட்டில் தம்பி பெண்டாட்டி மூத்தாருக்கு முன்னால் வரக் கூடாது, நேரே பேசக் கூடாது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கியது. அராப் ஸ்ட்ரீட்டில் எடுத்த துணி, முழுக்கப் பாய்மரக் கப்பல்கள். சித்தி அந்தக் கப்பல்களிடம்தான் பேசுவார்.

“சோறு ஆறுது.”

பெரியப்பா கூரையைப் பார்த்துக் கேட்பார். “ரசம் உண்டா?”

“இருக்கு” என்று சித்தி கப்பலிடம் சொல்வார்.

அம்மா அந்த வீட்டுக்கு வந்து பத்து வருடம் ஆகியிருந்ததால் திரையிலிருந்து கதவு நிலைவரை வந்திருந்தார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு ஒன்றிரண்டு வார்த்தை பேசலாம். அதைப் பதவி உயர்வு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பெரியம்மா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் அப்பா கப்பல் வேலைக்காரர், அந்த வருடம் பாதிக்கு மேல் கடலில் இருந்தார், அவரை விட்டுவிடலாம். சித்தப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தத் திரை ஏற்பாட்டில் பெரியப்பாவுக்கு ஒரு வசதி உண்டு. காதில் வாங்க விரும்பாததை அவர் வாங்க வேண்டியதில்லை. பேசியது துணிதானே.

சித்திக்குச் சொந்த ஊர் இலங்கையில் பதுளைப் பக்கம், தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன டவுன். அவருடைய அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்து இறந்துபோனார். அம்மாவும் தம்பியும் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்ததே அந்தத் தம்பிதான். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். நான் குட்டி மாமா என்று கூப்பிடுவேன். ஒரு மாதம் தங்கினார். சமதரையிலும் மேடு ஏறுகிறவர் மாதிரி முன்னால் சாய்ந்துதான் நடப்பார். ரேஸ் கோர்ஸ் ரோடு முனையில் கையால் உருட்டிச் சிவப்புப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் பந்தை வாங்கி அவர் உறிஞ்சுகிற சத்தத்தில் தெருநாய் திரும்பிப் பார்க்கும்.

“உங்க ஊருல மலையே இல்லையே பாப்பா, களச்சுப்போனா எதுல சாஞ்சுக்குவீங்க?” என்று ஒரு நாள் கேட்டார். நான் ஐந்தடி நடைபாதைத் தூணைக் காட்டினேன். உடனே போய்ச் சாய்ந்து பார்த்துவிட்டு, “பரவால்ல, சின்ன மலை” என்றார்.

எழுபத்தொன்றாம் வருடத் தொடக்கத்தில் சித்திக்கு ஏழாம் மாதம். வளையல் அடுக்கியாயிற்று. தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குப் போக வேண்டும். இத்தனைக்கும் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் பிரசவ ஆஸ்பத்திரி. தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் பிள்ளை பெற்றுக்கொண்டு வரலாம் என்பார் அம்மா. நானும் அங்கே பிறந்தவள்தான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே.

அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் சித்தி திரைக்குப் பின்னால் நின்று சொன்னார். “ஊருல பையனுங்க காட்டுக்குள்ள பயிற்சி எடுக்கிறாங்களாம். பால் டின்னுல குண்டு செய்றாங்களாம். இப்ப வர வேண்டாம், புள்ளய அங்கேயே பெத்துக்கன்னு எங்கம்மாவே ஆள் மூலமா சொல்லி அனுப்பிருக்காங்க.”

கப்பல்கள் கொஞ்சம் ஆடின. அவர் திரையைப் பிடித்திருந்தார்.

பெரியப்பா கூரையைப் பார்த்தார். அதன் பிறகு வீட்டுச் செலவுக்கு என்று கீழேயிருந்து கொண்டுவந்த மாவுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் கொட்டினார். தட்டித் தட்டி மாங்காய் வடிவத்தில் ஒரு தீவு செய்தார். மேலே ஒரு கோடு இழுத்தார்.

“இது வடக்கு. நம்மாளுங்க. இன்னைக்கோ நாளைக்கோ தனியாப் போயிருவாங்க.” கீழே ஒரு கோடு. “இது தெற்கு. பையனுங்க துள்றது இங்கதான். அரசாங்கம் கவுந்துரும், எழுதி வச்சுக்க. ஆனா சண்டை இந்தக் கோட்டத் தாண்டாது.” நடுவில் மாவைக் குவித்து விரல் நுனியால் ஒரு தட்டு. “இது மலை. மலை யாருக்கும் வேண்டாம். வேண்டாத எடத்துக்கு எவன் வருவான்? பிரசவத்துக்கு அதவிட நிம்மதியான எடம் ஒலகத்துல கிடையாது.”

“அந்த எடத்துலதான் எங்க வீடு இருக்கு” என்றது திரை.

பெரியப்பா தம்பியைப் பார்த்தார். திரை சொன்னதை எடுத்துச் சொல்ல வேண்டியது சித்தப்பாதான். ‘அண்ணே, அவ பயப்படுறா, இங்கேயே பாத்துக்கலாம்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குச் சித்தி காத்து நின்றது திரையின் அசைவிலேயே தெரிந்தது. சித்தப்பா தன் தட்டில் இருந்த அப்பளத்தைச் சின்னச் சின்னதாக உடைத்தார்.

“அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

அந்தத் தீவுக்குப் பெரியப்பா போனதே இல்லை. அம்மா மேசையிலிருந்த நாட்டை வழித்தெடுத்துச் சலித்து மறுநாள் இடியாப்பம் பிழிந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த வாரம் சித்தியைக் கொழும்பைத் தொட்டுப் போகும் ஒரு கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் மாதம் செய்தி வந்தது. ஒரே ராத்திரியில் இளைஞர்கள் போலீஸ் ஸ்டேஷன்களைத் தாக்கியிருந்தார்கள். தெற்கில் மட்டுமில்லை, நடுவிலும், மலையடிவாரத்திலும். மாவுக் கோடு எங்கே இருந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஊரடங்கு, துப்பாக்கிச் சூடு, அரசாங்கம் இன்று விழும் நாளை விழும் என்றார்கள். சித்தப்பா வேலை விட்டதும் நேரே தந்தி ஆபீசுக்குப் போவார். அடித்த தந்திகளுக்குப் பதில் இல்லை. திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். அம்மா தட்டை மூடி வைப்பார்.

பெரியப்பாவுக்குக் கொண்டாட்டம். ஏதோ ஒரு வகையில் அவர் சொன்னது பலித்துவிட்டதல்லவா, அரசாங்கம் ஆடுகிறது! மில்லுக்கு வருகிற நாலைந்து பேரைச் சேர்த்து இலங்கைத் துயர்துடைப்புச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். நம் ஊர்ச் சங்கங்கள் வேலை செய்கிற முறை உங்களுக்குத் தெரியாததா? முதலில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தில் நடு நாற்காலி யாருக்கு என்று முடிவாக வேண்டும். அதற்குப் பிறகு கூட்டம். நேரம் மிச்சமிருந்தால் வேலை. வீடு வீடாகப் போய் வாங்கிய பால்மாவு, பிஸ்கட், பழைய துணி எல்லாவற்றையும் பின்னால் அடுக்கி வைத்து, முன்னால் மாலையோடு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பால்மாவு எங்கும் போகவில்லை. எறும்புதான் அதைத் தேடி வந்தது.

ஒரு மாதத்துக்குள் சங்கம் பிளந்தது. தலைவர் என் பெரியப்பா. அவர் தனிநாட்டுக்காரர், வடக்கு பிரிய வேண்டும் என்பார். செயலாளர் பக்கத்துத் தெருவில் சலூன் வைத்திருந்தவர். அவர் புரட்சிக்காரர், நாடு முழுக்கப் பையன்கள் கையில் வர வேண்டும் என்பார். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறிய பொருளாளர் ஒருவர்தான். அவர் வாயே திறப்பதில்லை. மேல்மாடியை நடுவில் பெஞ்சு போட்டுப் பிரித்தார்கள். விளக்கு சுவிட்ச் தனிநாட்டுப் பக்கம், காற்றாடி சுவிட்ச் புரட்சிப் பக்கம். ஆகவே ஒரு பாதி வெளிச்சத்தில் வேர்த்தது, மறுபாதி இருட்டில் காற்று வாங்கியது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். “ஒரு சுவிட்சுக்கே இந்தக் கதின்னா, இவனுங்க கையில நாடு கெடச்சா தண்ணிக் குழாய என்ன பண்ணுவானுங்க?” என்றார்.

மே மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி மில்லுக்குத் தேடி வந்தார். நான் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். வந்தவர் தொண்டையைச் செருமினார். பெரியப்பா மிஷினை நிறுத்தினார்.

“உங்க வீட்டுப் பொண்ணுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துருக்குங்க. ரெண்டு பேரும் சுகம். ரோடு தெறந்ததும் கப்பல் ஏத்தி விடுறோம்னு சொல்லச் சொன்னாங்க.” நிறுத்தினார். “தம்பிதான்… ஊரடங்கு நேரத்துல வலி எடுத்துருக்கு. மருத்துவச்சியக் கூப்பிட ஓடிருக்காரு. கடைத்தெரு முனையில ஒரு ஜீப்பு நின்னுருக்கு. ஏத்திட்டுப் போனதப் பாத்தவங்க இருக்காங்க. யாரு ஜீப்புன்னுதான் தெரியல. அதுக்கப்புறம் தகவல் இல்ல.”

படிக்கு மேலே கதவு நிலையில் அம்மா நின்றிருந்தார். மிஷின் நின்றுவிட்டதால் தெருவில் மணியடித்துக்கொண்டு போன ரொட்டிக்காரன் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. பெரியப்பா குனிந்து கையில் ஒட்டிய மாவைத் தட்டினார். நிமிர்ந்து ஒன்று கேட்டார்.

“அந்தப் பையன் படம் ஏதாச்சும் நம்ம வீட்டுல இருக்கா?”

முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் சித்தியின் கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்து கொடுத்தவள் நான்தான். அதில் குட்டி மாமா கடைசி வரிசையில், யாருடைய குடையையோ பிடித்துக்கொண்டு, பாதி கண்ணை மூடி நிற்பார்.

அவருக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சங்கத்துக்கு மட்டும் அன்றே தெரிந்துவிட்டது. ஜீப் ராணுவத்துடையது, ஆகவே அவன் புரட்சிக்காகச் செத்தான் என்றார் சலூன்காரர். ஜீப் எவனுடையதாக இருந்தால் என்ன, தமிழன் என்றுதானே பிடித்தான், ஆகவே தனிநாட்டுக்காகச் செத்தான் என்றார் பெரியப்பா. மலையில் கடை வைத்திருந்த பையனுக்கு வடக்கில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. மருத்துவச்சிக்காகப் போனான் என்பது இரண்டு பக்கத்துக்கும் உபயோகப்படவில்லை.

படம் ஸ்டூடியோவுக்குப் போனது. அங்கே குடையைக் கழித்துவிட்டு, முகத்தைப் பெரிதாக்கி, திறக்காத கண்ணைத் திறந்து, கோட்டு வரைந்தார்கள். குட்டி மாமா வாழ்க்கையில் கோட்டு போட்டவரில்லை. டை என்ன நிறம் என்பதில் பெரிய சண்டை வந்தது. சலூன்காரர் சிவப்பு என்றார், பெரியப்பா மஞ்சள் என்றார். ஸ்டூடியோக்காரருக்குத்தான் அந்தக் கூட்டத்தில் மூளை இருந்தது. சிவப்பில் மஞ்சள் கோடு போட்டார். அவ்வளவுதான், பெஞ்சை எடுத்துவிட்டார்கள், சங்கம் ஒன்றாகிவிட்டது. ஒரு நாட்டுக்காகச் சேர முடியாதவர்கள் ஒரு டைக்காகச் சேர்ந்தார்கள்.

சித்தி மழை பெய்த ஒரு காலையில் வந்து இறங்கினார். குழந்தை ஒரு பழைய லுங்கிச் சாரத்தில் சுற்றியிருந்தது. சித்திக்குக் கன்னம் ஒட்டி, முழங்கை எலும்பு தெரிந்தது. அழவில்லை. கப்பலை விட்டு இறங்கியதும் சித்தப்பாவிடம் சொன்ன முதல் பேச்சு, “தம்பி வந்ததும் தந்தி குடுக்கச் சொல்லிட்டு வந்துருக்கேன். தந்தி ஆபீசுல நம்ம விலாசம் சரியா இருக்கான்னு பாருங்க.”

மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு தேக்காவுக்குப் போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினார், ஆண்பிள்ளைச் செருப்பு. “வெறுங்காலோட ஓடுனான் பாப்பா. விட்டாங்கன்னா எங்க கொண்டுபோய் விடுவாங்களோ. எங்க ரோடெல்லாம் கல்லு. யாராச்சும் ஊருக்குப் போறவங்க இருந்தா குடுத்துவிடணும்.” கடைக்காரர் அளவு கேட்டதற்குத் தன் காலைத் தூக்கிப் பக்கத்தில் ஒரு சாண் காட்டி, “இதவிட இவ்ளோ பெருசு” என்றார். கடைக்காரர் சிரித்தார். சித்தியும் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கூட்டம். சித்தியிடம் வரவேற்புக் கூட்டம் என்றார்கள். பிள்ளை பிறந்ததற்கு மரியாதை செய்கிறார்களாம். அம்மாவிடமும் அப்படியே சொன்னார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் என்ன கூட்டம் என்று தெரியும். அண்ணன் சொல்லியிருந்தார். மனைவிக்கு அதைச் சொல்ல வேண்டாம் என்றும் அண்ணன் சொல்லியிருந்தார்.

மேல்மாடி நிறைந்திருந்தது. விளக்கும் எரிந்தது, காற்றாடியும் சுற்றியது. மேடைச் சுவரில் வெள்ளைத் துணி போட்டு எதையோ மூடியிருந்தார்கள். சித்தி குழந்தைக்குத் தொப்பி சரிசெய்துகொண்டிருந்தபோது சலூன்காரர் துணியை இழுத்தார்.

கோட்டு, டை, நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம், கழுத்தில் சம்பங்கி மாலை. கீழே முக்காலியில் விளக்கு. படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று ஒன்பது வயதில் எனக்கே தெரியும். சித்திக்கு முதலில் அது யார் என்று அடையாளம் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அம்மா அவர் முழங்கையைப் பிடித்தார்.

சலூன்காரர் பேசினார். செந்நீர், விடியல் என்றெல்லாம் வந்தது. அடுத்துப் பெரியப்பா. வீட்டில் ரசம் கேட்கிற வாயா என்று சந்தேகம் வரும்படியான தமிழ். “என் இல்லத்துப் பிள்ளை! தனிநாடு காணும் வேள்வியிலே தன்னுயிரை ஈந்தான்! இதோ அவனுடைய உடன்பிறந்தாள், வீரத் தியாகியின் தமக்கை, நம் முன்னே அமர்ந்திருக்கிறாள். அவள் கண்ணீர் நமக்கு ஆணை!”

எல்லாரும் திரும்பி அந்தக் கண்ணீரைத் தேடினார்கள். அது இல்லை. சித்தி எழுந்து நின்றார். ‘அவன் செத்துட்டான்’ என்று தொடங்கி, நான் முதலில் எழுதிய கேள்வியைக் கேட்டார். சத்தமே போடவில்லை. சுற்றிய காற்றாடிச் சத்தத்துக்கு மேலே அது தெளிவாகக் கேட்டது.

பெரியப்பா பழக்க தோஷத்தில் கூரையைப் பார்த்தார். “யாராச்சும் இந்தப் புள்ளய ஒக்காரச் சொல்லுங்கப்பா” என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். சித்தப்பா பாதி எழுந்தார், அண்ணனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

சித்தி மேடையில் ஏறினார். பெரியப்பாவுக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் வந்து நின்று, “இவளப் புடிங்க” என்று குழந்தையை அவர் கையில் கொடுத்தார். அவர் ஒலிபெருக்கியை விட்டுவிட்டு, அரிசி டின்னை வாங்குகிறவர் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சித்தி நடு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி, ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார். இறங்கி, மாலையை உருவித் தரையில் போட்டார். விளக்குத் திரியை விரலால் நசுக்கினார். அதே நாற்காலியில் உட்கார்ந்து படத்தை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலில் எச்சில் தொட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுவதுபோல், கண்ணாடியில் இருந்த குங்குமத்தையும் சந்தனத்தையும் நெற்றி தெரியும்வரை துடைத்தார்.